வயலை அழகாக எழுதுங்கள், பட்டா யார் பெயரில் என்பதையும் எழுதுங்கள்

இலக்கியக் கூட்டங்களில் ஒரு கேள்வி ஓயாமல் வருகிறது. நாவலுக்கு நடை முக்கியமா, கதை முக்கியமா? மொழி அழகாக இருந்து எதுவுமே நடக்காத நாவலைச் சிலர் கொண்டாடுகிறார்கள். நூறு சம்பவம் நடந்தும் ஒரு வரிகூட மனதில் தங்காத நாவலை வேறு சிலர் 'விறுவிறுப்பு' என்கிறார்கள். கடைசியில் மூத்தவர் ஒருவர் எழுந்து, "இரண்டும் சமமாக இருக்கணும்" என்று பஞ்சாயத்து பேசி முடித்துவைப்பார். எல்லோரும் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. சமநிலை என்றதும் தராசுதான் நினைவுக்கு வருகிறது. இந்தத் தட்டில் கொஞ்சம் அழகு, அந்தத் தட்டில் கொஞ்சம் சம்பவம். நாவல் அப்படி நிறுத்து எழுதப்படுவதில்லை. என் கருத்து இதுதான்: நடையும் கதைப்பின்னலும் ஒன்றையொன்று சோதிக்க வேண்டியவை. அழகான நடை சொல்லும் பொய்யைக் கதை காட்டிக்கொடுக்கும். கதை சொல்லும் பொய்யை நடை காட்டிக்கொடுக்கும். இதில் ஒன்றை விட்டுவிட்டால் அந்த இடைவெளியில் சாதி சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். துளை போட்ட பீஸைச் சோதிக்க எங்களிடம் ஒரு கேஜ் இருக்கிறது. அதற்கு இரண்டு முனை. 'கோ' முனை துளைக்குள் போக வேண்டும். 'நோ கோ' முனை போகவே கூடாது. இரண்டு சோதனையிலும் தேறினால்தான் பீஸ் பாஸ். ஒன்றில் நன்றாகத் தேறியது, இன்னொன்றில் சுமார், அதனால் சராசரி எடுத்து அனுப்பிவிடலாம் என்று யாரும் சொல்வதில்லை. நாவலையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அழகு அவர்களுக்கு, அனுபவம் நமக்கு

நடையா கதையா என்ற கேள்விக்குத் தமிழில் ஒரு சாதி வரலாறு இருக்கிறது. வழக்கு என்று சொல்லப்படுவதே உயர்ந்தோரைச் சார்ந்தது என்று தொல்காப்பிய மரபியல் விதிக்கிறது. அப்படியானால் மற்றவர்கள் பேசுவது என்ன? அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: இழிசனர் வழக்கு.

இது ஏதோ பழைய இலக்கணச் சொல், செத்துப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சுமொழியில் கதை எழுதியபோது, மரபுவாதப் பண்டிதர்கள் அதை 'இழிசனர் இலக்கியம்' என்று சொல்லியே தாக்கினார்கள். அந்தத் தாக்குதலுக்கு ஆளான தலைமுறையில் ஒருவர் டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்பு 1960இல் வந்து இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 முதல் 'மல்லிகை' என்ற இலக்கிய இதழைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். அதே தலைமுறையின் கே. டானியல் 1972இல் 'பஞ்சமர்' நாவலைத் தந்தார். இவர்கள் என்ன கதை சொன்னார்கள் என்பதைவிட, என்ன மொழியில் சொன்னார்கள் என்பதுதான் பண்டிதர்களை முதலில் எரித்தது. ஏழையின் துயரத்தைப் பண்டிதத் தமிழில் சொல்லியிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்கள். ஏழை தன் வாயாலேயே சொன்னதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

இங்கே பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. காலவரிசைப்படி போகும் கதை அதில் இல்லை. ஒரே நிகழ்வு வேறொரு இடத்தில் வேறொரு கோணத்தில் திரும்ப வருகிறது. மொழியோ முழுக்க சேரியின் பேச்சு. இன்றைக்கு அது பல்கலைக்கழகங்களில் பாடம். ஆனாலும் நம் எழுத்தாளர்களைப் பாராட்டும்போது வரும் சொற்களைக் கவனியுங்கள். 'பதிவு', 'ஆவணம்', 'அசலான அனுபவம்', 'பச்சையான வாழ்க்கை'. 'என்ன கட்டுமானம், என்ன வாக்கியம்' என்று சொல்வது அபூர்வம். கலைஞர் என்ற பட்டத்தை ஒரு தெருவுக்கும் சாட்சி என்ற பட்டத்தை இன்னொரு தெருவுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பங்கீட்டை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. அதை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு, "எங்களுக்கு அழகெல்லாம் வேண்டாம், கதை இருக்கிறது, அது போதும்" என்று சொல்கிற தோழர்களும் அவர்கள் ஒதுக்கிய தெருவிலேயேதான் வீடு கட்டுகிறார்கள்.

அந்த வயல் யாருது?

மாதத்தில் இரண்டு ஞாயிறு நாங்கள் சிலர் கூடிப் படிக்கிறோம். திருவண்ணாமலை, விழுப்புரம், செய்யாறு பக்கங்களிலிருந்து வந்து இங்கே கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். உள்ளூர்க்காரர்களும் உண்டு. ஒருமுறை ஒரு தம்பி தான் எழுதிய சிறுகதையை வாசித்தான். ஒரகடம் தொழிற்பேட்டை வருவதற்கு முந்தைய கிராமம். ஏரி, மடை, காற்றில் அலையடிக்கும் நெல், பனைமரத்துக்குப் பின்னால் இறங்கும் சூரியன். பிறகு பொக்லைன் வருகிறது, எல்லாம் போய்விடுகிறது. உண்மையிலேயே நல்ல தமிழ். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கண் கலங்கினார்கள்.

வாசித்து முடித்ததும் மொபைல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அண்ணா, அந்த வயல் யாருது?"

தம்பிக்குப் பதில் தெரியும். அவனுடைய குடும்பத்தின் வயல் அல்ல அது. அவன் அம்மா அதில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். என் ஆயாவும் இந்தப் பக்கத்து வயல்களில் நடவு நட்டவர்தான். கரைமேல் நின்று பார்க்கும்போது தெரிகிற பசுமை, சேற்றில் குனிந்து நிற்கிறவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது இடுப்பு வலியும் இன்னும் நட வேண்டிய முடிகளும்தான். நாள் முழுக்க நட்டாலும் களத்துமேட்டில் கூலி வாங்கத் தள்ளித்தான் நிற்க வேண்டும். அந்த அழகான பத்தியில் என் ஆயா எங்கே நிற்கிறார்? நிலக்காட்சியின் ஒரு ஓரத்தில், வரிசையாகக் குனிந்த வண்ணச் சேலைகளில் ஒன்றாக.

நடை சொல்லும் பொய் இதுதான். தம்பி எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக உண்மை. ஏரி இருந்தது, நெல் இருந்தது, சூரியன் அங்கேதான் இறங்கியது. எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும்போது மட்டும், நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு பொற்காலம் இருந்தது, அதைக் கம்பெனிக்காரன் கெடுத்துவிட்டான் என்று வருகிறது. இந்தப் பொய்யை உடைக்கக் கதை தேவைப்படுகிறது. நிலம் யாரிடம் இருந்தது, யார் விற்றார், இழப்பீடு யார் கணக்கில் ஏறியது, பட்டா இல்லாமல் மூன்று தலைமுறையாக உழைத்தவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுக்குப் பின் ஒன்று ஏன் நடந்தது என்று கேட்பதுதான் கதைப்பின்னலின் வேலை. எங்கள் பக்கம் 'ப்ளாட்' என்றால் ரியல் எஸ்டேட் போர்டில் எழுதியிருப்பதுதான். இலக்கியத்தில் சொல்லும் ப்ளாட்டுக்கும் அதே வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம்: இந்த இடம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது?

இந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் நீண்ட சரித்திரம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமில்லாமையே அவர்களுடைய அடிமை நிலைக்கு அடிப்படை என்று அதில் காட்டினார். அதன் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் அப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்க முடியாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்குத்தான் விற்க முடியும் என்பது நிபந்தனை. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். அதில் பெரும்பகுதி எப்படிக் கை மாறியது என்பது தமிழ்நாட்டின் எழுதப்படாத நாவல்களில் ஒன்று. 1994இல் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்து ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் துறந்தார்கள்.

இந்த வரலாறு தெரிந்தவரும் ஒரகடத்து ஏரியை அழகாக எழுதலாம். எழுத வேண்டும். அந்த அழகுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பது வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

கதையும் பொய் சொல்லும்

அப்படியானால் கதை கெட்டியாக இருந்தால் போதுமா? போதாது. கதைப்பின்னல் செய்யும் மோசடி, நடை செய்யும் மோசடியைவிடப் பெரியதாகக்கூட இருக்கும். அதற்கு வெண்மணியைவிடத் தெளிவான உதாரணம் தமிழில் இல்லை.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். பின்னணியில் இருந்தது கூலி உயர்வுக் கோரிக்கை, செங்கொடிச் சங்கம், சாதி ஆதிக்கம். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனபோது நிலக்கிழார்கள் விடுவிக்கப்பட்டார்கள். இவ்வளவு நிலமும் காரும் வைத்திருக்கிற பணக்காரர்கள், வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது என்ற வகையில் அந்தத் தீர்ப்பு பேசியது. யோசித்துப் பாருங்கள். இது கிட்டத்தட்ட ஓர் இலக்கிய விமர்சனம். 'இந்தக் கதாபாத்திரம் இப்படிச் செய்யாது, கதையில் நம்பகத்தன்மை இல்லை.' யாருடைய கதை நம்பத்தகுந்தது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரே கதைப்பின்னலின் சொந்தக்காரர்.

1975இல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வந்தது. வெண்மணியை மையமாக வைத்து அத்தனை சீக்கிரம் எழுதத் துணிந்ததற்காக அவரை மதிக்க வேண்டும். 1977இல் அந்நாவல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. விறுவிறுப்பாகப் படிக்கலாம், உரையாடல்கள் கூர்மையானவை. ஆனால் அதன் கதை என்ன செய்கிறது? டெல்லியிலிருந்து வரும் படித்த இளைஞர்களின் கண் வழியாகக் கிராமத்தைப் பார்க்கிறது. நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக்குறைவை ஒரு முக்கியமான காரணமாக வைக்கிறது. மனோதத்துவம் வந்ததும் கூலியும் சாதியும் பின்னால் போய் நின்றுகொள்கின்றன. அந்தக் காலத்திலேயே இதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்பு. ஆண்டைக்கு உடலில் குறையே இல்லாமல் இருந்திருந்தால் வெண்மணி எரிந்திருக்காதா? கீழ்த்தஞ்சையில் அன்று சாணிப்பாலும் சாட்டையடியும் வழங்கிய ஒவ்வொரு ஆண்டைக்கும் தனித்தனியாக ஒரு மனச்சிக்கலா இருந்தது?

பல ஆண்டுகள் கழித்து, 2014இல், மீனா கந்தசாமி அதே நிகழ்வை ஆங்கிலத்தில் 'தி ஜிப்ஸி காடஸ்' நாவலாக எழுதினார். அதில் கதைசொல்லி அடிக்கடி குறுக்கே வருகிறார். நாவல் இப்படித்தான் தொடங்க வேண்டும், ஒரு நாயகன் இருக்க வேண்டும், முடிச்சு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற வாசகரோடு மல்லுக்கட்டுகிறார். நாவல் சில இடங்களில் மனுவாகிறது, சில இடங்களில் அறிக்கையாகிறது. சிலருக்கு அது எரிச்சலூட்டுகிறது. கூட்டாகக் கொல்லப்பட்ட 44 பேரில் ஒருவரை மட்டும் நாயகனாகத் தூக்கி நிறுத்த மறுப்பதற்கு அவருக்கு வலுவான காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம். நடை அங்கே வழக்கமான கதைப்பின்னலைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறது.

யூனிபார்ம் போட்டால் சாதி போய்விடுமா?

எங்கள் வழித்தடத்துக்கும் ஒரு தயார்நிலைக் கதைப்பின்னல் இருக்கிறது. சேரியில் பிறந்த பையன் ஐடிஐ படிக்கிறான். இருங்காட்டுக்கோட்டையிலோ வல்லம் வடகாலிலோ கம்பெனி வேலை கிடைக்கிறது. எல்லோருக்கும் ஒரே யூனிபார்ம், ஒரே கேன்டீன், ஒரே பஸ். பைக் வாங்குகிறான், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைக்கிறான். சாதி ஊரிலேயே தங்கிவிடுகிறது. முதலீட்டு மாநாட்டு விளம்பரத்திலும் இதே கதைதான், சில நல்ல மனசுக்காரர்களின் சிறுகதைகளிலும் இதே கதைதான்.

இந்தக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆண்டையின் களத்தில் கைகட்டி நின்றவரின் பேத்தி இன்றைக்கு மாதச் சம்பளம் வாங்குகிறாள், அது பெரிய விஷயம். ஹுண்டாய் 1996இல் இங்கே கால் வைத்ததிலிருந்து நடந்திருக்கும் மாற்றத்தை, ஊரை விட்டு வெளியே வர முடிந்த எங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள், சொல்வார்கள். மீதிப் பாதியை எப்படிப் பிடிப்பது? வாக்கியத்தில்தான் பிடிக்க வேண்டும்.

வாடகைக்கு அறை கேட்டுப் போகிறோம். வீட்டுக்காரம்மா சிரித்த முகத்தோடு கேட்கிறார்: "எந்த ஊரு தம்பி?" சொல்கிறோம். "ஊர்ல எந்தப் பக்கம்?" சொல்கிறோம். "மாரியம்மன் கோயில் இருக்குல்ல, அதுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?" இந்த மூன்றாவது கேள்வி வருகிற தொனி இருக்கிறதே, அதைச் சம்பவச் சுருக்கத்தில் சொல்ல முடியாது. 'வீடு கிடைக்கவில்லை' என்று இரண்டு சொல்லில் கதையைத் தாண்டிவிடலாம். அந்தச் சிரிப்பு மாறாமலேயே, "அடடா, நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க" என்று வருவதை எழுத, தெருவில் பேசும் பேச்சைத் துல்லியமாகக் கேட்ட காது வேண்டும். ஒரே யூனிபார்ம் போட்ட இருவர் லஞ்சில் சாப்பாட்டை மாற்றிக்கொள்ளும்போது, ஒருவர் மட்டும் "எனக்கு வேணாம்டா, வயிறு சரியில்ல" என்று ஒவ்வொரு முறையும் சொல்வதை எழுத வேண்டும். இந்த இடங்களில் நடை கதையைத் தட்டிக் கேட்கிறது: எல்லாம் மாறிவிட்டது என்றாயே, இது என்ன?

2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொடக்கம், பேச்சுவார்த்தை, கைது, முடிவு என்று அதன் கதைப்பின்னல் முழுவதையும் செய்தித்தாள்கள் கொடுத்துவிட்டன. அடுத்த ஜனவரியில் சங்கம் பதிவானதும் செய்தியானது. நாவலாசிரியருக்கு என்ன மிச்சம்? முப்பதாவது நாள் காலையில் வீட்டில் பால் வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு எப்படி நடந்தது என்பது மிச்சம். அந்தப் பேச்சு இல்லாமல் எழுதினால் அது செய்தியின் நீளமான நகல். 37 நாளின் அரசியலை விட்டுவிட்டு பால் பாத்திரத்தை மட்டும் பத்துப் பக்கம் வர்ணித்தால் அதுவும் தப்பிப்பதுதான்.

செய்து காட்டியவர்கள்

இரண்டு சோதனையிலும் தேறிய நாவல்கள் நம்மிடம் இருக்கின்றன. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுவதில் நாவல் தொடங்குகிறது. சஸ்பென்ஸ் வைக்க வேண்டிய கொலையை முதல் பக்கத்திலேயே செலவழித்துவிடுகிறார். பிறகு என்ன எழுத மிச்சம்? அய்யாவும் மகனும் காட்டிலும் கரட்டிலும் பதுங்குகிறார்கள். தண்ணீர் தேடுகிறார்கள், சோறு ஆக்குகிறார்கள், பேசுகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். நாவலில் எங்கும் சாதிப் பெயர் இல்லை. ஆனால் யார் எதைச் சமைக்கிறார்கள், யாருக்கு எந்தப் பாதை தெரிகிறது, யாரைக் கண்டால் ஒதுங்குகிறார்கள் என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. அழகாக எழுதுகிறேன் என்று காட்டிக்கொள்ளும் இடம் அதில் எனக்குத் தென்படவில்லை. அந்த நிலத்தை அப்படி எழுத வேறு யாராலும் முடிந்திருக்காது என்பதும் உண்மை. 2019இல் வெற்றிமாறன் அதை 'அசுரன்' ஆக்கியபோது பஞ்சமி நிலத்தை வெளிப்படையாகக் கதைக்குள் கொண்டுவந்தார். நாவலின் வாக்கியங்களுக்கு இடையே இருந்ததைப் படம் சம்பவமாக மாற்றியது. ஒவ்வொன்றும் தன் ஊடகத்துக்கு ஏற்ற வழியில் போனது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. புதிரை வண்ணார் சமூகத்தைச் சேர்ந்த ஆரோக்கியம், சேரிக்கே துணி வெளுப்பவர். அவருக்குக் கிடைக்க வேண்டிய தானியமும் சோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன. இந்தக் குறைவுதான் நாவலின் முதுகெலும்பு. அதை ஆசிரியர் விளக்கவில்லை, ஆரோக்கியத்தின் புலம்பலிலேயே நாம் கேட்கிறோம். புலம்பல்தான் நடை, புலம்பலில்தான் கதை நகர்கிறது. தலித்துகளுக்குள்ளேயே இருக்கும் ஒடுக்குமுறையை வெளியே காட்டியதற்காக நம் தரப்பிலிருந்தே நாவலுக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. அந்த விவாதம் நடந்ததும் நல்லதுதான். நாவல் தன் எழுத்தாளர் நிற்கும் இடத்தையும் சேர்த்துச் சோதித்திருக்கிறது என்றுதான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

கதை தங்காத இடத்தில் கதை எழுதுவது

எங்கள் வாசிப்பு வட்டத்தில் எழுத முயல்கிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பழைய நாவலின் கதைப்பின்னலுக்கு மனிதர்கள் ஒரே இடத்தில் தங்க வேண்டும். காதலோ பகையோ முற்றுவதற்கு அவகாசம் வேண்டும். இங்கே அது இல்லை. அப்ரண்டிஸ், ட்ரெய்னி, காண்ட்ராக்ட் என்று வருகிறவர்கள் சில மாதங்களில் போய்விடுகிறார்கள். லைனில் பக்கத்தில் நின்றவரின் ஊர் தெரிவதற்குள் அவர் மாறிவிடுகிறார். கம்பெனியே போய்விடுவதும் உண்டு. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை பார்த்த நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரு கதாபாத்திரம் வளர எட்டு ஆண்டு போதுமா?

இதை எழுத முடியாது என்று விட்டுவிடக் கூடாது. மனிதர் தங்காவிட்டால் தங்குவதைப் பிடியுங்கள். ஒரு வாடகை அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் ஷிப்ட்காரர் எழுந்து போன பாயில் நைட் ஷிப்ட்காரர் வந்து படுக்கிறார். மூன்று வருடத்தில் அந்த அறைக்கு வந்துபோன பதினைந்து பேர். அல்லது லைனில் ஒரே ஒரு இடம், அதில் மாறி மாறி நின்ற ஆறு பேர். டார்கெட் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இதுவும் கதைப்பின்னல்தான். டார்கெட், ரிஜெக்ட், ஓடி, பேட்ஜ், ஸ்வைப் என்று நாங்கள் நாள் முழுக்கப் பேசும் சொற்களும் தமிழ்தான். அவற்றுக்குப் பதிலாக அகராதிச் சொல் போட்டு 'இலக்கியமாக்க' வேண்டியதில்லை. அதே சமயம் அந்தச் சொற்களை வெறுமனே கொட்டிவிட்டால் நாவல் ஆகிவிடாது. எந்தச் சொல்லை யார் யாரிடம் எப்போது சொல்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சூப்பர்வைசர் 'ரிஜெக்ட்' என்று பீஸைப் பார்த்துச் சொல்கிறாரா, ஆளைப் பார்த்துச் சொல்கிறாரா?

நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஒரு கதையை வாசித்துவிட்டு "கருத்து சரியாக இருக்கிறது" என்று பாராட்டி முடிப்பதை நிறுத்துவோம். நம் கூட்டத்தில் மட்டும் தேறும் கதை எழுத நாம் வரவில்லை. எழுதியவர் தோழர் என்பதற்காகச் சலுகை கொடுத்தால், அது அவரைச் சாட்சியாக மட்டுமே பார்க்கிற அதே பழைய பார்வை. எழுத்தாளராக மதிக்கிறோம் என்றால், "இந்தப் பத்தி சோம்பலாக இருக்கிறது, இந்தத் திருப்பத்தை நான் நம்பவில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

அந்தத் தம்பி தன் கதையைத் திருத்திக்கொண்டிருக்கிறான். ஏரியை எடுத்துவிடாதே என்று நாங்கள் எல்லோருமே சொன்னோம். மடை திறக்கும் நாளில் எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் பாயும், எதற்குக் கடைசியில் என்று அம்மாவிடம் கேட்டு எழுதச் சொன்னாள் அந்தத் தங்கச்சி. அவன் அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கேட்கப்போகிறான். உங்களிடமும் இப்படி ஒரு கதை பாதியில் நிற்கிறதென்றால், அதிலுள்ள மிக அழகான பத்தியை முதலில் எடுங்கள். அந்தப் பத்தியில் வேலை செய்துகொண்டிருப்பவர் யார், அவருக்கு அன்று கூலி எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள்.